ஓடாத மோட்டாரின் வோல்ட்

12 பிப்ரவரி 2024, திங்கள்

நான் பாடம் நடத்திய காலத்தில் ஒன்பதாம் வகுப்பில் மகாராணி என்றொரு பெண் கேட்டாள்: "கரண்டு போற வழியிலயே தேஞ்சு போகுமா டீச்சர்?" கரண்டு தேயாது, வோல்ட்தான் வழியில் குறையும் என்றேன். கம்பி நீண்டால் அதிகம் குறையும், பருத்தால் கொஞ்சமாகக் குறையும். ஓய்வு பெற்று ஆறு வருஷம் கழித்து இன்று மறுபடி அந்தச் சோலி.

பக்கத்து வீட்டுச் செல்லத்தாய்க்குப் போடிமெட்டுக்குக் கீழே இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். மேலே ஷெட்டில் ஸ்டார்ட்டர். முந்நூறு மீட்டர் கம்பி இழுத்து, கீழே ஓடைக்கரையில் மோட்டார். ஒரே மாதத்தில் மூன்று முறை மோட்டாரின் செம்புச் சுருள் கருகிவிட்டது. மூன்று முறையும் சுருள் கட்டியவர் பஜாரில் கடை வைத்திருக்கும் காசிமாயன். "லைனைப் பாரு ஆத்தா" என்று அவர் சொல்ல, பார்த்துச் சொல்ல என்னை ஜீப்பில் அழைத்துப் போனாள்.

கருகிய மோட்டாரைக் கழற்றி வைத்திருந்தார்கள். கம்பியின் கீழ் முனையில் என் மீட்டரை வைத்தேன். 218 வோல்ட். குறையே இல்லை.

"லைன் நல்லாத்தான் இருக்கு. சுருள் கட்டுனதுலதான் கோளாறு" என்றேன். திரும்பி வரும்போது ஜீப்பில் இருந்த பத்துப் பேருக்கும் செல்லத்தாய் அதைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

14 பிப்ரவரி

சுருள் கட்டக் கொடுத்திருந்த தங்கள் மோட்டாரை இரண்டு பேர் காசிமாயன் கடையிலிருந்து திரும்ப எடுத்துப் போனார்களாம். "டீச்சரே மீட்டரு வச்சுப் பாத்துட்டாக" என்று பேச்சு.

15 பிப்ரவரி

பஜாரில் காசிமாயன் எதிரே வந்தார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

19 பிப்ரவரி, திங்கள்

செல்லத்தாய் தன் மோட்டாருக்குத் தேனியில் கட்டி வந்த சுருளும் இரண்டே நாளில் கருகிவிட்டது. செல்லத்தாய் வாசலில் நின்றபடியே கேட்டாள்: "காசியண்ணன் களவாணின்னா தேனிக்காரனுமா டீச்சர் களவாணி?"

இந்தக் கம்பி புதிதா, பழையதா என்று அப்போதுதான் கேட்டேன். புதுசுதானாம். பழைய கம்பியைப் பன்றி கடித்து நாசமாக்கியதாம். அது செம்பு. பதிலுக்கு அதே பருமனில் அலுமினியம் இழுத்திருக்கிறாள் – மலையில் தூக்கிப் போக லேசு என்று.

அலுமினியத்தின் மின்தடை எண் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். நீளமும் பருமனும் அதேதான் என்றால் தடையும் அத்தனை மடங்கு. அது போகட்டும். நான் அளந்தபோது மோட்டாரே இல்லையே! கரண்டு ஓடாத கம்பியில் வோல்ட் எங்கே குறையும்? நிற்கிற ஜீப்பைப் பார்த்து மேடேறும் என்று சொல்லியிருக்கிறேன். முப்பத்தோரு வருஷம் பாடம் நடத்தியவள். என்ன பண்ணி வச்சிருக்கேன் நான் – அந்த மனுசன் பொழப்புல?

20 பிப்ரவரி

இரவல் மோட்டாரை மாட்டி ஓடவிட்டு அளந்தேன். மேலே ஸ்டார்ட்டரில் 216. கீழே 174. உடனே நிறுத்தச் சொன்னேன். வோல்ட் குறைந்தால் மோட்டார் கரண்டை அதிகமாக இழுத்துச் சூடாகும். அந்த வோல்ட்டில் யார் கட்டிய சுருளும் கருகும்.

22 பிப்ரவரி

காலையில் ஜீப்பு ஸ்டாண்டு. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் இருந்தார்கள். "காசிமாயன் கட்டுன சுருள்ல கொறையில்ல. நான்தான் தப்பா அளந்துட்டேன்" என்றேன்.

டிரைவர் சோணை விடுவாரா? "அப்ப பரிச்சையில டீச்சரு பெயிலு!" எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அங்கிருந்து நேரே கடைக்கு நடந்தேன்.

காசிமாயன் எழுந்திருக்கவில்லை. "இருவத்தெட்டு வருசமாச் சுருள் கட்டுறேன். ஊருக்குச் சொல்றதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல டீச்சர்?"

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதைத்தான் சொன்னேன்.

23 பிப்ரவரி

தூக்கம் சரியில்லை.

3 மார்ச், ஞாயிறு

செல்லத்தாய் பருமனான கம்பி வாங்கி இழுத்துவிட்டாள். மறுபடி சுருள் கட்டிய மோட்டாரை மாட்டக் காசிமாயனே மலைக்கு வந்தார். நான் மீட்டரை எடுக்கப் போக, "அத உள்ள வைங்க டீச்சர்" என்று பையிலிருந்து ஒரு குண்டு பல்பை எடுத்தார். மோட்டார் முனையிலேயே அதையும் மாட்டிவிட்டு, மேலே ஷெட்டில் நின்ற செல்லத்தாயைப் பார்த்துக் கத்தினார்: "போடு ஆத்தா!" பல்பு ஒரு கணம் மங்கி, பிறகு நிமிர்ந்து நின்று எரிந்தது. "பழைய கம்பியா இருந்தா இது அழுது வடியும்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஏலச்செடி வரிசையில் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. செல்லத்தாய் கீழே இறங்கி வந்து, அவரைப் பார்க்காமலே தேத்தண்ணித் தம்ளரை நீட்டினாள். "அண்ணே, சூடா இருக்கு, பாத்து." அவ்வளவுதான் பேசினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

அன்று கடையிலிருந்து மோட்டாரை எடுத்துப் போனவர்களில் ஒருவர் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். இன்னொருவர், சிலமலைக்காரர், வரவில்லை. நாளை விடிந்ததும் பஸ் ஏறிப் போய், அவரிடம் நானே சொல்ல வேண்டும்.

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும்: சுருள் கட்டியவரைத் திட்டுமுன், மோட்டார் முனையில் ஒரு குண்டு பல்பை மாட்டச் சொல்லி, மோட்டாரை ஓடவிட்டுப் பாருங்கள்.