உப்பு பார்த்த உள்ளங்கை

விவேக் நகர்,
பெங்களூரு.
ஜனவரி 12

என் அருமைத் தம்பி டெரிக்குக்கு,

அண்ணன் டென்சில் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உன் அண்ணி நோராவும் சுகம். நீ சுகமா என்று வழக்கப்படி கேட்க வந்து பேனாவை நிறுத்திவிட்டேன். நேற்று போனில் உன் குரல் இளைத்துப்போய்க் கேட்டது. அதைக் கேட்டதும் நான் சொல்ல வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். உனக்குக் கண் சோர்ந்தால் சிந்தியா வாசித்துக் காட்டட்டும்.

இரத்த வகை பொருந்தியது உனக்குத் தெரியும். மற்ற சோதனைகளும் சரியாக இருக்கின்றன. ஸ்கேனில்தான் தகராறு. உங்கள் சென்னை டாக்டர் என் ஈரலைப் பார்த்துவிட்டு, இதில் கொழுப்பு படிந்திருக்கிறது, இப்படியே பாதியை வெட்டி உனக்கு வைத்தால் உனக்கும் உதவாது, எனக்கும் ஆபத்து என்றார். தொண்ணூற்றாறு கிலோவில் எட்டு கிலோ குறைத்துக்கொண்டு மார்ச் முதல் வாரம் வரச் சொல்லியிருக்கிறார். அப்போது மறுபடி ஸ்கேன் எடுத்து, ஈரல் சுத்தமாக இருந்தால் ஆபரேஷனுக்குத் தேதி வைப்பாராம். ஒரு சொட்டு சாராயம் தொடாத உனக்கு ஈரல் கெட்டுப்போனது. பிரியாணி அண்டாவோடு குடித்தனம் நடத்தும் எனக்கு அது கொழுத்துப்போனது. ஆண்டவர் நம் இரண்டு பேரையும் வைத்து என்ன விளையாடுகிறார் என்று தெரியவில்லை.

இங்கே ரக்ஷா என்று ஒரு டயட்டீஷியனிடம் போகிறேன். சின்னப் பெண். ஆனால் கண்டிப்பில் நம் பழைய பங்குச் சாமியாரைத் தோற்கடித்துவிடுவாள். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரி, அதற்கு மேல் ஒரு வாய் கூடாது. காலையில் ஒரு இட்லி, இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு. மத்தியானம் ஒரு கப் சோறு, தட்டில் பாதிக்குக் காய். ராத்திரி இரண்டு சப்பாத்தியும் பருப்பும். நோரா சின்னத் தராசு ஒன்று வாங்கி வந்து சப்பாத்தி மாவைக்கூட நிறுத்துத்தான் உருட்டுகிறாள். என் உடம்புக்கு இதெல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

முப்பது வருஷமாக ஊர் பசிக்குச் சமைத்தவன் நான். பசி என்றால் என்னவென்று இப்போதுதான் தெரிகிறது. பதினோரு மணிக்கு ஒருமுறை, நாலு மணிக்கு ஒருமுறை, பால்காரர் மாதிரி நேரம் தவறாமல் வருகிறது. வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு இருபது நிமிஷம் பொறுக்க வேண்டும், பாதிப் பசி தானாகப் போய்விடும், மீதிக்கு வெள்ளரிக்காய் என்பது ரக்ஷாவின் சட்டம். போகத்தான் செய்கிறது. ஆனால் அந்த இருபது நிமிஷத்தில் நான் மனுஷனாக இருப்பதில்லை. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எனக்கு முதலில் பறந்தது பொறுமை. நேற்று தண்ணீர் டம்ளரை நோரா மெதுவாக வைத்ததற்குக்கூடக் கத்திவிட்டேன்.

தவக்காலம் ஆரம்பித்தால் நம் ஜனங்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள் அல்லவா, அதற்குள் முடிக்க வேண்டும் என்று எல்லோரும் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நெருக்குகிறார்கள். வாரத்துக்கு மூன்று நாலு ஆர்டர். கல்யாணச் சமையலறையில் நின்றுகொண்டு பட்டினி கிடப்பது என்ன கொடுமை என்று நினைத்துப் பார். ஆனால் உன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அங்கே நான் ஒரு தட்டு எடுத்ததில்லை. சந்திரசேகரனும் மற்ற ஆட்களும் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடும்போது நான் நோரா கட்டிக்கொடுத்த டப்பாவைத் திறக்கிறேன். உப்பு பார்த்து, தம் போட்டு, இறக்கிக் கொடுப்பதோடு என் வேலை சரி.

நீ சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறாய் என்று சிந்தியா சொன்னாள். வயிற்றில் நீர் சேர்வதால் உப்பை நிறுத்திவிட்டார்களாமே. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லித்தான் நான் தொழிலே கற்றேன், உன்னை என்ன சொல்ல? இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடு. குழந்தை இயேசு உன்னைக் காப்பார். மார்ச்சில் நான் வருகிறேன்.

உன் அண்ணன்,
டென்சில்

* * *

விவேக் நகர்,
பெங்களூரு.
பிப்ரவரி 9

தம்பி டெரிக்,

கோபத்தில் எழுதுகிறேன். ஆறினதும் எழுதலாம் என்று இரண்டு நாள் இருந்து பார்த்தேன், ஆறவில்லை.

இன்று காலை என் எடை தொண்ணூற்றைந்து கிலோ. ஐந்து வாரத்தில் ஒரு கிலோ. ரக்ஷா நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாள். நான் எழுதிக் கொடுத்ததெல்லாம் சரியாக இருந்தால் இதற்குள் நாலரை, ஐந்து கிலோ இறங்கியிருக்க வேண்டுமாம். தைராய்டு பார்த்தார்கள், ஒன்றுமில்லை. "மறந்து ஏதாவது சாப்பிடறீங்களா அங்கிள், பிஸ்கட், டீ?" என்று கேட்டாள். டீயை விட்டே ஒரு மாதம் ஆகிறதம்மா என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் நோட்டையே பார்த்தாள். நோராவும் இப்போது என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துத்தான் துவைக்கப் போடுகிறாள். போன வாரம் ஒரு டூத்பிக் கிடைத்ததற்கு விசாரணை நடந்தது.

இதெல்லாம் போகட்டும். சனிக்கிழமை சிந்தியா நோராவோடு பேசினாளே, அது எனக்குக் கேட்டது. போன் ஸ்பீக்கரில் இருந்தது, நான் வராண்டாவில் இருந்தேன். உனக்கு இரண்டாம் தடவை வயிற்றிலிருந்து நீர் எடுத்ததைச் சொல்லி அழுதாள். அதன் பிறகு, "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கொடுக்க மனசு இருந்தா உடம்பு தானா எறங்கும்க்கா. அவருக்கு மனசு இல்லன்னா சொல்லிடுங்க, நாங்க வேற வழி பாக்கறோம்" என்றாள். நோரா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

வேறு வழி எங்கே இருக்கிறது? பெயர் பதிந்து வைத்துவிட்டு யாரோ ஒருவர் சாவுக்காகக் காத்திருப்பதா? தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும். எனக்கு மனசு இல்லையா, டெரிக்? வியாழக்கிழமை குழந்தை இயேசு கோயில் வாசலில் யாரோ நேர்ச்சைக்காக எலுமிச்சை சாதம் பொட்டலம் கொடுத்தார்கள். நேர்ச்சைச் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்பதற்காக இரண்டு கையாலும் வாங்கினேன். மணி பதினொன்று. பொட்டலம் சூடாக இருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு முறை மோந்துவிட்டு, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டு நடந்தேன். அந்த அம்மா பிரித்துச் சாப்பிடுவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். இப்படிப்பட்டவனை மனசு இல்லாதவன் என்றால் எப்படிப் பொறுப்பது?

நாளையிலிருந்து ராத்திரிச் சப்பாத்தியையும் நிறுத்தப் போகிறேன். ரக்ஷா கூடாது என்கிறாள், நான் கேட்கப் போவதில்லை. இந்த வாரமும் அடுத்த வாரமும் ஐந்து கல்யாணம் இருக்கிறது. அதோடு சாம்பல் புதன் வந்து தவக்காலம் ஆரம்பித்துவிடும்.

நீ என்னை நம்புகிறாய் என்று ஒரு வரி எழுது. கை நடுங்கினால் சிந்தியாவிடம் வேண்டாம், நர்ஸ் யாரிடமாவது சொல்லி எழுதச் சொல்.

டென்சில்

* * *

விவேக் நகர்,
பெங்களூரு.
மார்ச் 4

என் தம்பி டெரிக்,

இந்தக் கடிதத்தை நோரா கையில் கொடுத்து அனுப்புகிறேன். முடிந்தால் நீயே வாசி. நாலு நாளாக நீ ஆட்களைப் பெயர் மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறாய், பகலில் பாதி நேரம் தூங்குகிறாய் என்று சொன்னார்கள். தெளிவாக இருக்கிற நேரம் பார்த்து வாசி.

திங்கள்கிழமை என் எடை தொண்ணூற்றிரண்டு. சாம்பல் புதனுக்குப் பிறகு இரண்டே வாரத்தில் கிட்டத்தட்ட மூன்று கிலோ. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரக்ஷா மட்டும் சந்தோஷப்படவில்லை. இந்த இரண்டு வாரத்தில் என்ன மாறியது என்று கேட்டாள். ஒன்றும் மாறவில்லை, அதே சாப்பாடு, அதே நடை, ராத்திரிச் சப்பாத்திகூட நீ திட்டினாயே அம்மா, அதனால் திரும்பச் சாப்பிடுகிறேன், தவக்காலம் என்பதால் கல்யாண ஆர்டர் இல்லை, அவ்வளவுதான் என்றேன். கல்யாணத்தில் என்ன சாப்பிடுவீர்கள் என்றாள். எதுவும் சாப்பிட மாட்டேன், உப்பு மட்டும் பார்ப்பேன் என்றேன்.

அவள் பேனாவை வைத்துவிட்டாள். எப்படிப் பார்ப்பீர்கள், செய்து காட்டுங்கள் என்றாள். நான் கரண்டியால் அள்ளி உள்ளங்கையில் ஊற்றுவது போலக் காட்டினேன். அவள் உள்ளே போய்க் கரண்டியும் தண்ணீரும் கொண்டு வந்தாள். என் உள்ளங்கையில் எவ்வளவு பிடிக்கும் என்று ஊற்றி அளந்தாள். பிரியாணி மசாலா, தால்ச்சா, சிக்கன், பிரெட் அல்வா என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள். ஒவ்வொன்றையும் எத்தனை தடவை, கறி வெந்ததா என்று எத்தனை துண்டு, அல்வாவில் நெய் பிரிந்ததா என்று எத்தனை விரல். கடைசியில் ஒரு கல்யாணத்துக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் கலோரி வந்தது. முதல் நாள் ராத்திரி மசாலா வதக்கும்போது பார்ப்பதைச் சேர்த்தால் அதற்கு மேல். ஐந்து வாரமாக நோரா வீட்டில் கிராம் கிராமாகக் குறைத்ததை நான் மண்டபத்தில் உள்ளங்கையால் நக்கித் தீர்த்திருக்கிறேன்.

தொழிலில் யாரும் அதைச் சாப்பாடு என்று சொல்வதில்லை, டெரிக். பட்டினி கிடக்கும் சமையல்காரனும் உப்பு பார்ப்பான். பெரிய வெள்ளிக்கிழமை கஞ்சி காய்ச்சும்போதுகூட நான் உப்பு பார்த்துவிட்டுத்தான் ஒருசந்தி விரதம் பிடித்திருக்கிறேன் என்று சொல்வேன். சாமியாரும் ஒன்றும் சொன்னதில்லை. ரக்ஷாவிடம் இதைத்தான் சொன்னேன். அவள் இரக்கப்பட்டு, "தெரியாமதானே அங்கிள், விடுங்க" என்றாள். நோராவும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள்.

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் உன்னிடம் அதோடு நிறுத்த முடியவில்லை.

சாம்பல் புதனுக்கு முந்தின திங்கள்கிழமை ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு கல்யாணம். மசாலா கொதித்ததும் உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது. எனக்கு முதல் சொட்டிலேயே தெரிந்துவிடும், முப்பது வருஷத்தில் இரண்டாம் தடவை பார்த்தவனில்லை. அன்றைக்கு மறுபடி பார்த்தேன். அதன் பிறகு இன்னொரு தடவை. பக்கத்தில் நின்ற சந்திரசேகரன், "என்ன மாஸ்டர், உப்பு கம்மியா?" என்று கேட்டான். அடியில் ஒரு மாதிரி இருக்கு, இரு பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நாலாவது தடவை ஊற்றினேன். ஒரு துண்டு கறியும் சேர்ந்து விழுந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இந்த ஒரு நாள் மட்டும் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது பொய்.

பசி மட்டும்தான் காரணமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். ஆபரேஷன் டேபிளில் என்னை இரண்டாகப் பிளப்பது போல் கனவு வருகிறது. எடை இறங்காத ஒவ்வொரு திங்கள்கிழமையும் எனக்குள் யாரோ ஒருவன் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டான், அதையும் நான் கேட்டேன். சிந்தியா பாதி சரியாகத்தான் சொன்னாள். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டாதே என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். வேண்டாம், அவளும் வாசிக்கட்டும். அவளைத் திட்டி எழுதிய கடிதத்தை அவளே உனக்கு வாசித்துக் காட்டினாள் என்று நோரா சொன்னாள். அந்தக் குற்றத்துக்கு எங்கே போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்கேனைத் தள்ளி வைத்துவிட்டார்கள். இன்னும் நாலு கிலோ. ரக்ஷா கணக்கில் மூன்று வாரம். உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு வந்த ஆர்டர்களைச் சந்திரசேகரன் பெயருக்கு மாற்றிவிட்டேன், உப்பும் இனி அவன்தான் பார்ப்பான். நான் அடுப்பங்கரைப் பக்கமே போவதில்லை. பசி இப்போதும் பதினோரு மணிக்கு வருகிறது. வரட்டும் என்று நாற்காலியைப் போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

என் மூன்று வாரம் எனக்குத் தெரியும். உன் மூன்று வாரம்தான் எனக்குத் தெரியவில்லை. உங்கள் டாக்டர் நேற்று நோராவிடம் பேசியிருக்கிறார். ஈரலைவிட இப்போது உன் உடம்பில் சதை கரைவதுதான் அவருக்குக் கவலையாம். இப்படிச் சாப்பிடாமல் கிடந்தால் நான் இளைத்து வந்து நிற்கும்போது உன்னால் ஆபரேஷனைத் தாங்க முடியாது என்கிறார். எனக்கு எதையெல்லாம் குறைக்கச் சொன்னார்களோ அதையெல்லாம் உனக்குக் கூட்டி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முட்டை, பருப்பு, தயிர், ராத்திரி படுக்கும் முன் இன்னொரு முறை சாப்பாடு. நீ வாயை மூடிக்கொள்கிறாயாம்.

நோரா கையில் ஒரு டப்பா இருக்கிறது. உப்பில்லாத பருப்புப் பொடி. சீரகம், பூண்டு, கறிவேப்பிலை எல்லாம் தனித்தனியாக வறுத்தது. சூடான சோற்றில் போட்டு அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் உப்பில்லாதது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. இதைச் செய்யும்போது நான் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. நோராதான் பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்றாள். என் கையால் செய்ததில் நான் ருசி பார்க்காமல் கொடுக்கும் முதல் சாப்பாடு இது.

ஆண்டவர் உனக்கு இந்த மூன்று வாரத்தைக் கொடுக்கட்டும், நான் தின்று தீர்த்த ஐந்து வாரத்தையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும். என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை, அதற்கு அவசரமில்லை. ஒரு கவளம் எடு. பிறகு இன்னொன்று.

எனக்குப் பசிக்கிறது, டெரிக். நீ சாப்பிடு.

உன் அண்ணன்,
டென்சில்