இரண்டாவது கைதட்டு

உன் நேரப்பெட்டியின் சிவப்பு விளக்கு என் மேசையில் மினுங்கிக்கொண்டிருக்கிறது. சோப்புக்கட்டி அளவுச் சாமான். உன் செத்தவீட்டில் கமராவோடு கொழுவி ஓடவிட்டதை அணைக்க இன்னும் மனம் வரவில்லை. கனடாவிலிருந்து வர முடியாத உன் மகளுக்கு அந்தப் பதிவை அனுப்ப வேண்டும்.

நாங்கள் கூட்டுச் சேர்ந்து வீடியோக் கடை போட்டபோது எனக்கு ஒலி தெரியாது, விலை தெரியும். கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு, எங்கே கூப்பிட்டாலும் போனோம். கரைப்பக்கத்து அம்மா வரும்வரை அந்தளவு போதுமாயிருந்தது.

மகனை ஆமி பிடித்துக்கொண்டு போனதை ஒரு வழக்கறிஞருக்காகக் கமராவுக்கு முன்னால் சொல்ல வந்தவர் அவர். வாயும் குரலும் பிசகினால் யாரோ குரல் கொடுத்தது என்று வழக்கில் தள்ளிவிடுவார்கள் என்று வழக்கறிஞர் முன்பே எச்சரித்திருந்தார். அம்மாவோ, "ஒருக்காத்தான் சொல்லுவன், திருப்பிக் கேக்கப்படாது" என்றுவிட்டார். படம் கமராவில், குரல் கணினியில். கமராவின் நேரக்கணக்கான டைம்கோடைக் கணினிக்குக் கொடுத்துவிட்டு, இரண்டையும் பொருத்த ஓர் அடையாளமாக, "அம்மா, ஒருக்காக் கை தட்டுங்கோ" என்றாய்.

"என்ன தம்பி, பசனையோ?" என்று சிரித்துக்கொண்டே தட்டினார்.

பின்னேரம் முழுக்கச் சொன்னார். முடிவில் இன்னொரு தட்டுக் கேட்க வாயெடுத்தாய், கேட்கவில்லை. மார்பில் அடித்து அழுகிறவரிடம் எப்படிக் கேட்பது?

கடையில் போட்டுப் பார்த்தோம். தொடக்கம் பொருந்தியது. போகப் போக விலகி, கடைசியில் அவர் வாய் மூடிய பிறகு மகனின் பெயர் கேட்டது.

"டைம்கோட் குடுத்தனி எல்லே? பிறகென்ன?" என்று பாய்ந்தேன்.

"தொடங்கேக்கை மட்டும்தான் கொம்பியூட்டர் அதைப் பாத்தது, மச்சான். பிறகு தன்ரை மணிக்கூட்டிலை ஓடியிருக்கு."

"அவ பேசாமல் இருக்கிற இடங்களிலை கொஞ்சம் கொஞ்சமாய் வெட்டன்."

"ஒரு வெட்டைக் கண்டாலும் முழுக்கப் பொய்யெண்டுவாங்கள்."

வெட்டாமல், முழுக் குரலையும் ஒரே சீராகச் சுருக்கினால் சரிவரும். அதற்குக் கடைசியில் ஓர் அடையாளம் வேண்டும்: கண்ணுக்கும் காதுக்கும் ஒன்றாகத் தெரிகிற ஒன்று. கைதட்டு இல்லை. அவர் கை மார்பில் விழுந்த அந்த அடிதான் இருந்தது. அதையே நிறுத்தி நிறுத்திப் பார்த்தாய். நான் தேத்தண்ணீரோடு வந்தபோது நீ திரும்பவில்லை.

"அவ அடிச்சுக்கொண்டே இருக்கிறா, மச்சான்."

குரல் பொருந்தியது. வழக்கில் பதிவை ஏற்றுக்கொண்டார்கள். மகன் வரவில்லை. அந்த அம்மாவும் காத்திருந்து போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பெட்டியை வாங்கவேண்டும் என்று நின்றாய். கமராவும் கணினியும் முதலிலிருந்து முடிவுவரை ஒரே மணிக்கூட்டில் ஓடும் என்றாய். "உதை ஆர் வாடகைக்குக் கேக்கப் போறான்?" என்று இழுத்தடித்தேன்.

"இனி ஒருத்தற்றை நெஞ்சடியிலையும் என்னாலை நேரம் அளக்க ஏலாது" என்றாய். வாங்கித் தந்தேன். இன்று காலையும் ஒருவன் அதை வாடகைக்குக் கேட்டு வந்தான். இல்லை என்றேன்.

உன் செத்தவீட்டில் நான் யாரையும் கை தட்டச் சொல்லவில்லை. சற்றுமுன் பதிவைத் திறந்து நேரே கடைசிக்குப் போனேன். உன்னைத் தூக்குகிறார்கள். வாசல் படலையடியில் உன் மனைவி மார்பில் ஓங்கி அடிக்கிறாள். கையும் சத்தமும் ஒன்றாகவே விழுந்தன.

ஒருமுறைதான் பார்த்தேன். இரண்டாம் முறை பார்க்கத் தேவையில்லாமல் செய்துவிட்டுத்தான் போயிருக்கிறாய்.