அடுத்த வீட்டுக் கோழிகள்

12 ஜூலை 1983, செவ்வாய். வானவடி.

உடம்பெல்லாம் அசதி, ஆனாலும் தூக்கம் வரவில்லை. அடுத்த குவார்ட்டர்ஸ் ஹவில்தார் குடும்பம் மாற்றலாகிப் போனபோது விட்டுப்போன இரண்டு கோழிகள் இன்று மழையில் நனைந்தபடி எங்கள் கோழிக்கூட்டு வாசலுக்கே வந்துவிட்டன. ஒன்றுக்குத் தொண்டை கறகறவென்கிறது.

"பாவம்லா மேரி, உள்ள விட்டுரு," என்றார் இவர்.

பாவம் பார்க்க எனக்கும் தெரியும். போன மழைக்கு இப்படித் தொண்டைக் கறகறப்பில் தொடங்கி வெள்ளைக் கழிச்சல் வந்து கூடே காலியானபோது ஒவ்வொன்றாகக் குழி தோண்டிப் புதைத்தவள் நான். இவருக்கு அன்றைக்கெல்லாம் டியூட்டி.

"கொஞ்ச நாள் தனியா கெடக்கட்டும். சீக்கு இல்லன்னா பாப்போம்," என்றேன். பழைய டிரங்குப் பெட்டியைச் சுவரோரம் சாய்த்து, சாக்கு விரித்து, இரண்டையும் அதில் விட்டேன். பெட்டியின் வாயை மூடத்தான் தோன்றவில்லை.

இருட்டும் நேரத்தில் என் கோழிகளை அடைக்கப் போனேன். பெட்டைகள் எல்லாம் வந்துவிட்டன. சேவலைக் காணவில்லை. தேடினால், டிரங்குப் பெட்டிக்குள் அந்த இரண்டுக்கும் நடுவில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

இனி அதையும் கூட்டில் சேர்க்க முடியாது. அப்படியே விட்டுவிட்டுப் பெட்டைகளை மட்டும் அடைத்தேன். இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் அது கூவும்போது தொண்டை கறகறக்கிறதா என்று கேட்க, விழித்தே கிடப்பேன் போலிருக்கிறது.