டி டிரைவில் ஒரு கிட்டங்கி

ஜூன் 12, 2006

நாற்காலியில் ஒட்டிக்கொண்டே இன்றைய பொழுதும் போயிற்று. வாங்கிப் பல மாதம் ஆகியும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றக் கூடாதாம். முதலாளி ராஜகுரு சாரின் உத்தரவு. சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை வருகிறவர், முதலில் பார்ப்பது உறை கிழியாமல் இருக்கிறதா என்பதைத்தான்.

"மதுரை ஆபீஸ் சும்மா ஒரு டிரையல்தாம்மா இந்து. சரிப்பட்டு வரலைன்னா எல்லாத்தையும் லாரியில ஏத்திச் சென்னைக்குக் கொண்டுபோயிருவேன்."

திருப்பரங்குன்றத்து வெயிலில், பிளாஸ்டிக் மேல் உட்கார்ந்து ஜாவாவில் புரோகிராம் எழுதுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இருக்கட்டும். என்னோடு எம்.சி.ஏ. முடித்தவர்கள் சென்னையில் ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டிக்கொண்டு செய்கிற வேலையை நான் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு செய்கிறேன். இந்த ஆபீஸ் எங்கேயும் போகாது. போக விடமாட்டேன்.

ஜூன் 14

மறுபடி வைரஸ். மறுபடி எங்கள் ரிப்பேர்காரர் மலையாண்டி அண்ணன். கம்ப்யூட்டர் லேசாகத் தும்மினாலும் அவரிடம் ஒரே மருந்துதான் — அழித்துவிட்டு முதலிலிருந்து போடுகிற ஃபார்மட். ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து சி.டி.யை எடுத்துப் போட்டார், அழித்தார், டீ குடித்தார், போய்விட்டார்.

"சி டிரைவை மட்டுந்தான் அழிச்சேன் பாப்பா. டி-யில கையே வைக்கலை."

அது தெரியும். மதுரையில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். பிழைக்க வேண்டியது எதுவானாலும் டி டிரைவில் வை. விண்டோஸ் இருக்கிற சி என்றைக்கு வேண்டுமானாலும் போகும். மேவனுக்குத்தான் இது தெரியவில்லை.

நாங்கள் எழுதுகிற புரோகிராமுக்கு, வேறு யார் யாரோ எழுதிய துண்டுகள் நிறைய வேண்டும். அவற்றை நெட்டிலிருந்து இறக்கி, ஓரிடத்தில் அடுக்கி, கேட்கும்போது எடுத்துக் கொடுக்கிற கருவி மேவன். அது அடுக்குகிற இடம் சி டிரைவ். அண்ணன் ஒரு தடவை அழித்தால் அவ்வளவும் காலி. எங்கள் நெட் நகர்கிற நகர்ச்சிக்கு, மறுபடி இறக்க இரண்டு நாள் ஆகும். இரண்டு நாளும் நானும் கூட வேலை செய்கிற ஜெயபாண்டியும் திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

வீட்டில் அப்பாவிடம் எங்கள் சௌராஷ்டிர மொழியில் விளக்கினேன். கீழவாசலில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறவர். சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கி மாதிரி என்றதும் சட்டென்று புரிந்துகொண்டார். "தண்ணி ஏறுற இடத்துல யாராவது கிட்டங்கி போடுவாங்களா?" என்றார்.

அதானே!

ஜூன் 15

கிட்டங்கி டி-க்குப் போகிறது. முடிவு செய்தாயிற்று.

ஜூன் 19

போயாயிற்று! வேலை ஒரு வரிதான். சி டிரைவில் என் பெயரில் இருக்கும் ஃபோல்டருக்குள் மேவன் படிக்கிற ஃபைல் ஒன்று உண்டு. சரக்கு இருக்குமிடம் டி டிரைவில் இன்ன ஃபோல்டர் என்று அதில் எழுதிவிட்டேன். ஃபோல்டருக்குப் பெயரே கிட்டங்கி.

ஜெயபாண்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிற ஆள்; கைக்குழந்தைக்காரன்; எதையும் தொட்டால் கெட்டுப்போகும் என்று நினைக்கிற சாதி.

"அது பாட்டுக்குக் கெடக்கு. எதுக்குப் போய் நோண்டுற? வெள்ளைக்காரன் யோசிக்காமலா சி-யில வச்சிருப்பான்?"

"வெள்ளைக்காரனுக்கு நம்ம மலையாண்டி அண்ணனைத் தெரியாது."

ஜூலை 3

ராஜகுரு சார் போன். திருமங்கலம் பக்கத்து நூல் மில்காரர்கள் பத்தாம் தேதி ஆபீஸுக்கே வந்து சரக்கு இருப்புக்குக் கணக்கு வைக்கிற எங்கள் ஸ்டாக் புரோகிராமைப் பார்க்கப் போகிறார்களாம். பிடித்தால் மதுரை ஆபீஸ் நிற்கும். "இல்லைன்னா லாரிக்குச் சொல்லிருவேம்மா."

ஜெயபாண்டி முகம் செத்துவிட்டது. குழந்தையையும் வயலையும் விட்டுவிட்டுச் சென்னைக்குப் போக அவனால் முடியாது. எனக்குப் பயமில்லை. புரோகிராம் நன்றாக இருக்கிறது, நான்தானே எழுதினேன்?

ஜூலை 8

எழுதும்போது சிரிப்பு வருகிறது. மத்தியானம் வரவில்லை.

காலையில் மாமா மகள் நிச்சயதார்த்தம். முடித்துக்கொண்டு பட்டுப்புடவையோடு ஆபீஸுக்குள் நுழைந்தால், என் கம்ப்யூட்டர் முன்னால் மலையாண்டி அண்ணன். மில்லிலிருந்து பென் டிரைவில் விவரம் அனுப்பியிருக்கிறார்கள், கூடவே வைரஸையும். ஜெயபாண்டி அதை என் மெஷினில் சொருகியிருக்கிறான். சி டிரைவ் காலி.

"டி-யைத் தொட்டீங்களாண்ணே?"

"பாண்டி கோயில் சாமி மேல சத்தியமாத் தொடலை பாப்பா!"

அப்போதும் எனக்குப் பதற்றமில்லை. இதற்காகத்தானே கிட்டங்கியை மாற்றினேன்? தங்கள் நூல் கிட்டங்கி ஒவ்வொன்றுக்கும் கணக்கைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்று மில்லில் கேட்டிருந்தார்கள். அதை எழுதி, மேவனை ஓடவிட்டேன். சரக்கே இல்லை என்றது. நெட்டில் தேடப் போகிறேன் என்றது. ரோடு தோண்டியதில் கேபிள் அறுந்து காலையிலிருந்து நெட்டும் இல்லை.

"அம்புட்டும் போச்சு இந்து," என்று ஜெயபாண்டி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். எம்புட்டு சொன்னேன், நோண்டாதன்னு."

டி-யைத் திறந்தேன். கிட்டங்கி நிறையச் சரக்கு இருக்கு. கண்ணு முன்னால இருக்கு! பிறகு ஏன் இந்தச் சனியனுக்குத் தெரிய மாட்டேங்குது? நான் என்ன தப்புப் பண்ணேன்? அன்னைக்கு ஒரு வரி எழுதினேனே — அதை எங்க எழுதினேன்?

சி-யில்.

அடி மக்கு இந்துப்ரியா! சரக்கைப் பத்திரமாக டி-க்கு மாற்றிவிட்டு, அதன் விலாசத்தைச் சி-யிலேயே விட்டுவைத்திருக்கிறாய். அழிந்தது விலாசம் மட்டும்தான்.

அதே வரியை மறுபடி எழுதினேன். ஓடியது! ஜெயபாண்டி விசிலடித்தான்.

ஆனால் இது போதாதே, சி அடுத்து அழிந்தால் மறுபடி போய்விடுமே. மேவன் கருவியே டி-யில்தான் இருக்கிறது. அதன் சொந்த ஃபோல்டருக்குள்ளும் இதே மாதிரி ஒரு ஃபைல் உண்டு. விலாசத்தை அங்கே எழுதினேன். எழுதிவிட்டு, ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்த மலையாண்டி அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, இன்னொரு தடவை அழிங்க."

"என்ன பாப்பா சொல்ற?"

"சி-யை அழிங்கண்ணே. நான் பாக்கணும்."

ஜெயபாண்டி கையெடுத்துக் கும்பிட்டான். "திங்கக்கிழமை மில்காரவுக வாராக. உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

அண்ணன் அழித்தார். விண்டோஸ் போட்டார், ஜாவா போட்டார். நான் வேறு எதையும் தொடாமல் மேவனை ஓடவிட்டேன். ஒரு கேள்வி கேட்காமல் நேராகக் கிட்டங்கிக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்தது. புடவையெல்லாம் வியர்வை. அம்மா கேட்டால் நிச்சயதார்த்த வீட்டில் ஃபேன் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 10

வந்தார்கள். மில் மேனேஜர் உக்கிரபாண்டி, மீசைக்கார மனிதர், எல்லாம் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "வைரஸ் வந்து மெஷினு அழிஞ்சுபோச்சுன்னா எங்க கதி?" ராஜகுரு சார் இங்கிலீஷில் ஏதோ ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்து சனிக்கிழமைக் கதையைச் சொல்லிவிட்டேன், இரண்டாவது தடவை நானே அழிக்கச் சொன்னதையும் சேர்த்து. சார் முறைத்தார்.

மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீயா அழிக்கச் சொன்ன?"

"ஆமா சார்."

"சொல்லி அனுப்புறோம்," என்று எழுந்துவிட்டார். சார் கிளம்பும்போது நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்தார்.

ஜூலை 24

மில்லிலிருந்து பதில் இல்லை. ஜெயபாண்டி லாரி ஷெட்டில் விசாரித்துவிட்டு வந்தான். எதுக்குடா அதுக்குள்ள? அவனைத் திட்டினேன். திட்டியது அவனையா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 2

சென்னை ஆபீஸில் வைரஸாம். அங்கேயும் மேவனின் சரக்கு சி-யில். விலாசத்தை எங்கே எழுத வேண்டும் என்று போனில் கேட்டார்கள். சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன், கொஞ்சம் மெதுவாக.

ஆகஸ்ட் 28

ராஜகுரு சார் வந்தார். கூட அஸ்வினி என்று ஒரு பெண். நாகமலைக்காரி, இன்றிலிருந்து எங்களோடு. மில்லில் மூன்று இடத்தில் புரோகிராம் போட வேண்டுமாம், இரண்டு பேர் போதாதாம். இதை ஏதோ வெயிலைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்து அஸ்வினிக்கு வேலையை விளக்கினார். எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. உறையில் ஒட்டிய சட்டையைப் பிய்த்துக்கொண்டு எரிச்சலாகத் திரும்பினார்.

"என்னம்மா இது, இந்தக் கவரை இன்னுமா கழட்டாம வச்சிருக்கீங்க?"

கத்தரிக்கோல் தேடினேன். அதற்குள் ஜெயபாண்டி பல்லாலேயே கிழித்துவிட்டான்.