அன்னையர் தினத்துக் கோழி

3 மார்ச் 2009, செவ்வாய்

கடைக்கு இன்று ஒரு வயது. யாருக்கும் ஞாபகமில்லை. என் கணவர், இவருக்கு ஞாபகம் இருந்திருக்கும். சொன்னால் அதிலும் ஒரு குற்றம் கண்டுபிடிப்பேன் என்று வாயை மூடிக்கொண்டு மல்கிரேவில் தன் கணக்காளர் கந்தோருக்குப் போய்விட்டார்.

'ஸ்வீட் போர்ச்' என்று பெயர் வைத்தவன் சேகர். சிங்கப்பூர்ப் பெடியன், அமெரிக்காவின் தெற்குப் பக்கத்தில் ஏழு வருடம் ஹோட்டல்களில் சமைத்தவன். பொரித்த கோழியை வாஃபிளுக்கு மேலே வைத்து, மேப்பிள் பாணியை ஊற்றி, காலையும் இல்லாத மத்தியானமும் இல்லாத நேரத்தில் கொடுத்தால் கடை இருக்கிற பிரன்ஸ்விக்கில் வெள்ளைகள் வரிசையில் நிற்பார்கள் என்றான். நின்றார்கள். நாலாம் மாதம் எனக்கும் அவனுக்கும் ஒத்துவரவில்லை. ஏப்ரனைக் கழற்றி என் காலடியில் எறிந்துவிட்டுப் போனான்.

அடுத்த நாள் கோழி பொரித்தது, கோப்பை கழுவ வைத்திருந்த நாகேஸ்வரி. நாலு மாதமாகக் கழுவுகிற தொட்டியடியில் நின்று அவன் கையையே பார்த்திருக்கிறாள். மோரில் ஊறவைப்பது, மாவில் இரண்டு தரம் பிரட்டுவது, எல்லாம் அவளுக்குப் பாடம். இத்தனைக்கும் அவள் சுத்த சைவம். அந்தக் கோழியை இன்றுவரை நாக்கில் வைத்ததில்லை. எண்ணெயின் சத்தத்தைக் கேட்டே வெந்துவிட்டது என்பாள். பிழைத்ததில்லை.

இதை அவளுக்குச் சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறுவாள்.

27 மார்ச், வெள்ளி

இன்று முதல் குசினிக்குள் போன் தடை. வேலைக்கு வந்ததும் எல்லோரும் மொபைலை பிஸ்கட் தகர ரின்னுக்குள் போட்டு என்னிடம் தரவேண்டும்.

நாகேஸ்வரி ரின்னைப் போகவர எட்டிப் பார்க்கிறாள். தாய் வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருக்கிறா. அவளுக்கு நாற்பத்தைந்து வயது, புருசன் இல்லை, பிள்ளை இல்லை, தாய் ஒன்றுதான். "அம்மான்ரை செய்தி ஏதும் வந்தால், அக்கா…" என்று இழுத்தாள்.

"கடை நம்பரைக் குடு. எடுக்கிறதுக்கு நான் இருக்கிறன்" என்றேன்.

18 ஏப்ரல், சனி

புதுக் குடிவகைகள் வந்தன. ஜாம் போத்தலில் பீச் பழச்சாறு, இஞ்சி, நுரைக்கிற வைன், விளிம்பில் ஒரு சிவப்பு மிளகாய். பெயர் 'குட் மார்னிங் சின்னர்'. காலை வணக்கம், பாவியே. சனம் விழுந்து விழுந்து வாங்குகிறது. பெயரைச் சொல்லிக் கேட்கும்போதே சிரிக்கிறார்கள்.

பத்திரிகையிலிருந்து ஒரு பெட்டை பேசினாள். மே பத்தாம் தேதி அன்னையர் தினத்துக்குப் படம் பிடிக்க வருகிறார்களாம். எங்கள் குசினியை. என்னை.

அன்றைக்கு மூன்று பந்தி. மேசை ஒன்றுகூட மிச்சமில்லை.

9 மே, சனி

எழுதாமல் விட்டால் நல்லது. எழுதுகிறேன்.

மூன்றரை மணிக்குக் கடைப் போன் அடித்தது. மேசை கேட்கிற யாரோ என்று எடுத்தேன். லண்டனிலிருந்து ஜெயரட்ணம், நாகேஸ்வரியின் பெரியப்பா மகன். அவள் மொபைலுக்கு அடித்து அடித்துக் களைத்துவிட்டாராம். தாய் வியாழக்கிழமை செல் குண்டு விழுந்து போய்விட்டாவாம். பங்கருக்குப் பக்கத்திலேயே குழி வெட்டித் தாட்டுவிட்டார்களாம்.

"அவளை இருத்திவைச்சுப் பக்குவமாச் சொல்லுங்கோ" என்றார். குரல் உடைந்திருந்தது.

குசினி ஜன்னலால் பார்த்தேன். நாளைக்குரிய கோழியை மோரில் போட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து கிலோ. முழங்கைவரை வெள்ளை.

சொன்னால் என்ன நடக்கும்? கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போவாள். முப்பத்தொரு நாள் சாவுத் தீட்டு, துடக்கு. நாளைக்கு நூற்றெண்பது பேர். படம் பிடிக்கிறவன் பதினொரு மணிக்கு. கோழி பொரிக்க யார்? நானா?

"தம்பி, இப்ப சொல்லி அவள் தனிய பஸ் ஏறிப் போறது சரியில்லை. இண்டைக்கு இரவு என்னோடைதான் நிக்கிறாள், நான் வீட்டிலை வைச்சுச் சொல்லுறன். நீங்கள் இனி அடிக்கவேண்டாம், நித்திரை கொள்ளட்டும். நாளைக்கு அவளே எடுப்பாள்" என்றேன். எவ்வளவு சுகமாக வந்தது வாயில்.

"உங்களைப்போல ஒராள் பக்கத்திலை இருக்கிறது அவளின்ரை புண்ணியம், அக்கா."

பிறகு ரின்னைத் திறந்தேன். அவளுடைய போனில் பதினொரு அழைப்பு. ஒவ்வொன்றாக அழித்தேன். முதலில் எந்தப் பொத்தான் என்று தடுமாறினேன். நாலாவதிலிருந்து கை பழகிவிட்டது. போனை அணைத்து, "சார்ஜ் இல்லைப்போலை" என்று அவளிடம் சொல்லி என் கைப்பைக்குள் வைத்தேன்.

காலை நாலு மணி வேலை என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வந்ததும் குளித்துவிட்டுச் சாமியறையில் விளக்குக் கொளுத்தினாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டு நின்றேன். துடக்குக்காரி என் வீட்டுச் சாமிக்கு விளக்கு வைக்கிறாள், நான் மறிக்கவில்லை. தாயின் பெயரைச் சொல்லிக் கும்பிட்டாள். திருநீறு பூசிக்கொண்டு வந்து, "அம்மாக்கு ஒண்டும் நடக்காது, அக்கா. மனசுக்குத் தெரியுது" என்றாள்.

அவள் படுத்த பிறகு மஞ்சள் தண்ணி தெளித்தேன். அவளுக்காக அல்ல. என் வீட்டுக்காக.

எங்கள் சனம் செய்கிற வேலைதானே? சாவுச் செய்தியைச் சாப்பிட்ட பிறகுதான் சொல்வார்கள். எண்பத்தாறில் என் அப்பா செத்ததை இவர் எனக்குச் சொன்னது மகள் பிறந்த ஒன்பதாம் நாள். ஒரு மாதம் இவர் முகத்தைப் பார்க்கவில்லை நான்.

10 மே, ஞாயிறு

அன்னையர் தினம். நூற்றெண்பத்தேழு பேர். மகள் சிட்னியிலிருந்து மூன்று சொல்லில் வாழ்த்து அனுப்பியிருந்தாள்.

வருகிற கிழவிகளெல்லாம் கார்னேஷன் பூக் குத்திக்கொண்டு, பிள்ளைகள் வெட்டிக் கொடுக்கிற கோழியைச் சாப்பிட்டுக்கொண்டு. நாகேஸ்வரி ஒரு தட்டு எரிக்கவில்லை, ஒரு தட்டுப் பிந்தவில்லை.

படம் பிடிக்கிறவனுக்கு என் முகம் பிடிக்கவில்லை. இரண்டு படத்தோடு முடித்துக்கொண்டு, சமைக்கிறவரைக் கூப்பிடுங்கள் என்றான். சிவப்பு ஏப்ரனோடு வந்தாள். கையில் 'குட் மார்னிங் சின்னர்' போத்தலைக் கொடுத்தான். குடிக்கமாட்டேன் என்றாள், சும்மா பிடித்தால் போதும் என்றான். சிரிக்கச் சொன்னான். வராது என்றாள். நான்தான் பின்னால் நின்று, "நாகேஸ், கொம்மா வந்து பாத்தால் சந்தோசப்படுவா, சிரி" என்றேன்.

சிரித்தாள். பல் முழுவதும் தெரிய.

ஏன் அதைச் சொன்னேன்? வேறு எத்தனை இருந்தது சொல்ல.

நாலரை மணிக்கு, கடைசி மேசை எழும்பிய பிறகு, கதிரையில் இருத்திச் சொன்னேன். இப்போதுதான் செய்தி வந்தது என்று சொன்னேன். அவள் கத்தவில்லை. ஏப்ரன் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், முடிச்சு இறுகியது. நான் அவிழ்த்துவிட்டேன். கடைப் போனில் லண்டனுக்கு எடுத்தாள். பக்கத்திலேயே நின்றேன். நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றாள், "ஓம்… ஓம்…" என்றாள், வைத்துவிட்டாள்.

"அண்ணை என்னவாம்?" என்றேன்.

என்னைப் பார்த்தாள். "அழுறார், அக்கா. ஒண்டும் விளங்கேல்லை."

நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது எனக்கு. தாயைப் பறிகொடுத்தவளுக்கு முன்னால் நின்று, எனக்கு.

19 மே, செவ்வாய்

நேற்றோடு வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது. ஊரில் சொந்தம் இல்லாத வீடில்லை, அழாத வீடில்லை.

இன்று காலை பத்திரிகை. உணவுப் பக்கத்தில் அரைப் பக்கம் நாகேஸ்வரி. சிவப்பு ஏப்ரன், கையில் போத்தல், வாய் நிறையச் சிரிப்பு. கீழே: 'அன்னையர் தினத்தில் ஸ்வீட் போர்ச் சமையற்காரி நாகேஸ்'. தேதி போட்டிருக்கிறான்.

எட்டாம் நாள் சடங்கு எட்டுச் செலவு முடிந்தது, எப்போது வேலைக்கு வருகிறாய் என்று போன் எடுத்துக் கேட்டேன். "நாளைக்கு வாறன்" என்றாள். வரத்தானே வேண்டும், விசா என் கையெழுத்தில் நிற்கிறது.

24 மே, ஞாயிறு

கோயில் மடப்பள்ளிக்குப் பின்னால் மூன்று பெண்கள் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். தாய் செத்து நாலாம் நாள், கையில் சாராயப் போத்தலோடு பல்லைக் காட்டுகிறாள் என்றார்கள். அவளுடைய அம்மா இவளை வளர்த்ததுக்குப் பதில் ஒரு தென்னையை வளர்த்திருக்கலாமாம்.

என்னைக் கண்டதும், "நீங்கள் எண்டபடியால் அவளை வைச்சிருக்கிறியள், அக்கா."

ஒரு வசனம் போதும். 'அவளுக்குத் தெரியாது, நான்தான் சொல்லவில்லை.' அவ்வளவுதான். நாக்கு நுனிவரை வந்தது. பூசைமணி அடித்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். நானும் போனேன்.

6 ஜூன், சனி

நாகேஸ்வரியின் தாய்க்கு முப்பத்தோராம் நாள் கிரியை, அந்தியேட்டி. கடை பூட்டி நாங்கள் போய்ச் சேர ஐந்து மணி. டான்டினோங்கில் அவளுடைய இரண்டு அறை வீடு. நாற்பது பேருக்குச் சமைத்திருக்கிறாள். வந்தது ஐயர், பக்கத்து வீட்டு வியட்நாம் மனுசி, அந்த மனுசியின் மகள், இவர், நான்.

வடை ஒரு கடகப் பெட்டி நிறைய அப்படியே. பாயாசம் ஆடை படிந்து. தாயின் படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் எல்லாம் வைத்திருந்தாள்.

வாசல்வரை வந்தாள். "நீங்கள் மட்டும்தான் அக்கா வந்தனீங்கள்."

காரில் ஏறியதும் இவர், "சனம் ஏன் இப்பிடிச் செய்யுது?" என்றார். எனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

30 ஓகஸ்ட், ஞாயிறு

அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினேன். வருகிறவர்கள் அதற்குக் கீழே நின்று படம் எடுக்கிறார்கள். நாகேஸ்வரி நிமிர்ந்து பார்ப்பதில்லை.

17 நவம்பர், செவ்வாய்

நாகேஸ்வரிக்கு நிரந்தர விசா வந்துவிட்டது. விண்ணப்பப் பாரங்களெல்லாம் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அதையாவது செய்தேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன், இந்த ஐந்து மாதமும்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தாள், கையில் கேசரி. இவருக்கும் எனக்கும் தந்தாள். நாங்கள் சாப்பிட்டு முடியும்வரை இருந்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"வெள்ளியோடை வேலையாலை நிக்கிறன், அக்கா. சிட்னிக்குப் போறன், பென்டில் ஹில்லிலை ஒரு கடையிலை வேலை."

என் முகம் கறுத்திருக்கும். இவ்வளவும் செய்தவளை இப்படி நடுவில் விட்டுப் போகிறாயே என்றேன். இன்னும் என்னவோ எல்லாம் சொன்னேன். கோப்பை கழுவினவள் என்றும் சொன்னேன்.

கேசரித் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஜெயரட்ணம் அண்ணை அண்டைக்கே சொன்னவர், அக்கா. சனிக்கிழமை மூண்டரைக்கு உங்களுக்குச் சொன்னது எண்டு. போனிலை ஓம் ஓம் எண்டு கேட்டது அதைத்தான்."

இவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சும் ஏன்…" என்றேன்.

"விசா. பிறகு, நான் சொன்னால் ஆர் நம்புவினம்? நீங்கள் சொன்னால்தான் சனம் நம்பும். எப்ப சொல்லுவியள், எப்ப சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அந்தியேட்டிக்கு வந்தனீங்கள், அண்டைக்குச் சொல்லுவியள் எண்டு நினைச்சனான்." எழும்பினாள். "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். பயப்பிடாதேங்கோ. போட்டு வாறன்."

கேசரித் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போனாள்.

இவரிடம், நீங்கள் எண்பத்தாறில் எனக்குச் செய்யவில்லையா என்று கத்தினேன். ஒன்பது நாள், ஒன்பது நாள் மறைக்கேல்லையோ நீங்கள்?

"நான் செய்தது உமக்காக" என்றார். "நீர் செய்தது கோழிக்காக."

29 நவம்பர், ஞாயிறு

புதுச் சமையற்காரன் தெர்மாமீட்டர் குத்திப் பார்க்கிறான். உள்ளே இரத்தம். பதினான்கு தட்டுத் திரும்பி வந்தது.

13 டிசம்பர், ஞாயிறு

கோயிலில் கேட்டார்கள், எங்கே உங்கள் நாகேஸ்வரி என்று. சிட்னிக்குப் போய்விட்டாள் என்றேன்.

"நல்லதாப் போச்சு. தாய்க்கே இல்லாதவள் உங்களுக்கோ இருக்கப்போறாள்?"

இவர் பக்கத்தில் நின்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது விசாச் சிக்கலும் இல்லை, காப்பாற்றக் கடையும் பாதி இல்லை. சொல்வதற்கு என்ன தடை?

"பாவம், விடுங்கோ" என்றேன்.

"உங்களுக்குப் பெரிய மனசு, அக்கா."

இவர் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார்.

20 டிசம்பர், ஞாயிறு

படத்தைக் கழற்றவில்லை. அந்தச் சிரிக்கிற மனுசி எங்கே என்று கேட்டுத்தான் இப்போதும் சனம் வருகிறது.

வீட்டில் இவர் என்னோடு சண்டை பிடிப்பதில்லை. தேத்தண்ணி தந்தால் குடிக்கிறார், கேட்டதுக்குப் பதில் சொல்கிறார். ஆனால் போன் அடித்தால், தோட்டத்தில் நின்றாலும் சரி, சவர்க்காரம் போட்ட முகத்தோடு நின்றாலும் சரி, எனக்கு முன்னால் ஓடிவந்து தானே எடுக்கிறார். தன் மொபைலைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுக்கிறார். முதலில் எனக்கு விளங்கவில்லை.

கொழும்பில் இவருடைய அம்மாவுக்கு எண்பத்துநாலு வயது.