ட போட்ட கார்

மதுரை, வடக்கு மாசி வீதி
விக்கிரம வருஷம், கார்த்திகை மாதம்

சிரஞ்சீவி சிவசங்கரனுக்கு அப்பா சொக்கநாதன் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. மீனாட்சியம்மன் கிருபையால் இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கை விஜயமும் உன் காரும் சுகம். கராச்சியில் நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பதைக் கேட்க ஆவலாக இருக்கிறோம். காரைக் கடைசியில் சேர்த்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே, நீ உன் கடிதத்தில் அதைத்தான் முதலில் விசாரித்திருந்தாய், அம்மாவின் மூட்டுவலி கையெழுத்துப் போடுகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலேதான் உன் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. உன் உத்தரவு கிடைத்தது. விஜயம் போலீஸில் மாட்டிக்கொண்டாள், கோர்ட்டில் நின்றாள், டாக்டர் என்று சொல்லி ஊரை ஏமாற்றினாள் என்று உன் மாமனார் உனக்கு எழுதியதாகவும், பெண்பிள்ளை கார் ஓட்டுவது நம் குடும்பத்துக்கு அடுக்காது, கோரிப்பாளையத்து சாயபு ஒருவர் நல்ல விலைக்கு வாங்கத் தயாராக இருக்கிறார், உடனே காரைக் கொடுத்துவிடுங்கள் என்றும் எழுதியிருக்கிறாய். உன் மாமனார் எழுதியதில் பாதி உண்மை. அவர் எப்போதும் பாதியோடு நிறுத்திக்கொள்கிறவர், மீதிப் பாதியை நான் எழுதுகிறேன். கார் உன் பேரில் இருக்கிறது, நீ விற்கச் சொன்னால் நான் விற்றுத்தான் ஆக வேண்டும், விற்றால் அவள் வேலையை விட்டுத்தான் ஆக வேண்டும். ஆகையால் முழுவதும் படித்துவிட்டுச் சொல்.

அவளுக்குத் திருமங்கலத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்தபோது நீ வாழ்த்துத் தந்தி அடித்தாய், ரொம்ப சந்தோஷம், ஆனால் தினமும் அவ்வளவு தூரம் எப்படிப் போய் வருவாள் என்று நீ கேட்கவில்லை, தந்தியில் வார்த்தைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்களே, அதனால் இருக்கும். நம் ஊர் பஸ்ஸை நீ மறந்திருக்க மாட்டாய். ஆள் சேர்ந்தால்தான் புறப்படும், சேர்ந்த ஆட்களில் ஒருவர் வெற்றிலை வாங்க இறங்கினால் அவருக்காக நிற்கும், அவர் வருவதற்குள் இன்னொருவருக்குக் காப்பி ஞாபகம் வரும். ரயிலோ பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை முடிந்த பிறகு நிதானமாக வந்து சேரும். இப்படியே தாமதமாக வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று தலைமை ஆசிரியை அம்மாள் சொல்லிவிட்டாள். அன்றைக்குத்தான் விஜயம் உன் காரின் உறையைக் கழற்றினாள். நீ போன பிறகு அதற்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது, அவைகளுக்கு மட்டும் இதில் நஷ்டம். உனக்கு ஓட்டிக்கொண்டிருந்த மொக்கையன்தான் இவளுக்கும் கற்றுக்கொடுத்தான், கொடுத்த கையோடு சண்டைக்கு லாரி ஓட்டுகிறேன் என்று பட்டாளத்துக்குப் போய்விட்டான். விஜயத்தின் பாடத்துக்குப் பிறகு சண்டை அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

இப்போது புதுச் சட்டம் வந்திருப்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. பழகுகிறவர்களுக்குத் தனியாகத் தற்காலிக லைசென்ஸ், பிறகு மோட்டார் இன்ஸ்பெக்டர் முன்னால் பரீட்சை. அதுவரை காரின் முன்னாலும் பின்னாலும் வெள்ளைப் பலகையில் சிவப்பாக எல் என்ற இங்கிலீஷ் எழுத்து தொங்க வேண்டும், ஓட்டுகிறவர் பக்கத்தில் முழு லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் உட்கார வேண்டும். அவருக்குக் கண் தெரிய வேண்டும் என்று எங்கும் போட்டிருப்பதாகத் தெரியவில்லை. நம் வீட்டில் லைசென்ஸ் உள்ளது யாருக்கு என்று நினைக்கிறாய், எனக்குத்தான். அந்தக் காலத்தில் சார்ஜண்ட் துரை ஒரு புளியமரத்தைச் சுற்றிவரச் சொன்னார், நானும் சுற்றிவந்தேன், மரத்துக்கும் துரைக்கும் சேதமில்லை என்பதால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கண்ணில் புரை விழுந்து அம்மா என்னைச் சக்கரத்தைத் தொடவிடாமல் செய்த பிறகும் நான் அதை வருஷம் தவறாமல் புதுப்பித்து வைத்திருந்தேன். ஆக ஜில்லா கோர்ட்டில் குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைமையாகச் சிரஸ்தாராக இருந்து ஓய்வுபெற்ற நான் இந்த வயதில் லைசென்ஸாக வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் குளித்துத் திருநீறு பூசித் தலைப்பாகை கட்டி முன்சீட்டில் உட்காருவது, திருமங்கலத்தில் இறங்கித் தெரிந்தவருடைய பருத்தி மூட்டைக் கிட்டங்கியில் மாலை வரை தும்மிக்கொண்டிருப்பது, மறுபடி உட்கார்ந்து வீடு திரும்புவது, இவ்வளவுதான் வேலை. வாயைத் திறந்தால் விஜயம், அப்பா, சட்டத்துல நீங்க உக்காரணும்னுதான் இருக்கு, பேசணும்னு இல்லை என்பாள்.

பலகை எழுதியவன் சங்கிலி. பலசரக்குக் கடைக்கும் காப்பிக் கிளப்புக்கும் போர்டு எழுதுகிறவன், இங்கிலீஷில் ஒற்றை எழுத்து எழுதச் சொன்னதில் அவனுக்கு மனக்குறை. நிமிர்ந்த கோட்டைக் குட்டையாக்கிப் படுத்த கோட்டைத் தாராளமாக இழுத்து, பார்க்கிறவர்களுக்கு நம் ட என்றே தோன்றும்படி அழகாக எழுதிக்கொடுத்துவிட்டான். நாங்களும் கவனிக்காமல் மாட்டிவிட்டோம். வழியில் கப்பலூரில் நல்லகாமன் என்று ஒரு சம்சாரி, சொந்த நிலத்தை உழுகிறவன், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன். தினமும் காலையில் ஒரு பெண்பிள்ளை கார் ஓட்டிப் போகிறாள், வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்து, அதுவும் டானா, டானாவில் தொடங்குகிற வேறு என்ன வார்த்தை இருக்கிறது, டாக்டர்தான் என்று அவன் ஊருக்குப் படித்துச் சொல்லியிருக்கிறான். மறுநாளிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்குப் பாதையில் ஆட்கள் கை காட்ட ஆரம்பித்தார்கள். குழந்தைக்குக் கட்டி, கிழவருக்கு இருமல், மாட்டுக்கு வயிற்றுப்போக்கு. நான் வாத்தியாரம்மா என்று விஜயம் எத்தனை முறை சொன்னாலும், டாக்டரம்மாவுக்குத் தற்பெருமையே கிடையாது என்று அதற்கும் மரியாதை கூடியது. காரில் முருங்கைக்காயும் பூசணிக்காயும் ஏறின, உன் அம்மா அந்த விஷயத்தில் உண்மையை விளக்க அவசரப்படவில்லை. என்னைப் பார்த்து, ஐயாதான் கம்பவுண்டருங்களா, அந்த மஞ்சத் தண்ணி மருந்து இன்னைக்குக் கொண்டாந்திருக்கீகளா என்று ஒருவன் கேட்டான். முப்பது வருஷம் ஜட்ஜ் துரைமாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குக் கிடைத்த உத்தியோக உயர்வு.

இனிதான் உன் மாமனார் விட்ட பாதி வருகிறது. ஐப்பசி மழையில் ஒரு நாள் காலையில் நல்லகாமன் சாலைக்குக் குறுக்கே கையை விரித்து நின்றான். அவன் பெண்சாதி சின்னத்தாய்க்கு முதல் நாளிலிருந்து பிரசவ வலி, குழந்தை குறுக்காகக் கிடக்கிறது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள், கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து சாலையோரத்தில் வைத்திருந்தார்கள். நீங்க தொட்டாப் போதும் தாயி, பொழச்சுக்கிருவா என்று அவன் அழுதான். எனக்குச் சட்டம்தான் முதலில் வாயில் வந்தது, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது, இது நமக்குத் தெரியாத வேலை என்றேன். விஜயம் காரைத் திருப்பி நிறுத்திவிட்டு, எனக்கு வைத்தியம் தெரியாதுண்ணே, ஆனா மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேத்துருவேன், தூக்கி வைங்க என்றாள். உன் கார் எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும். பின்சீட்டில் சின்னத்தாயைச் சாய்த்து மருத்துவச்சி தாங்கிக்கொண்டதும் அங்கே இடம் முடிந்தது. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடவும் தூக்கவும் புருஷன் வேண்டும். மிச்சம் இருந்தது ஒரே சீட்டு, அதில் தலைப்பாகையோடு லைசென்ஸ் உட்கார்ந்திருந்தது. விஜயம் என் முகத்தைப் பார்த்து, அப்பா, நீங்க இறங்கிக்கங்க என்றாள். நான் இல்லாமல் ஓட்டினால் குற்றம் என்றேன். தெரியும்ப்பா, இறங்குங்க என்றாள். இறங்கினேன். குடையோடும் டிபன் கேரியரோடும் நடுச்சாலையில் நின்ற எனக்குச் சட்டப் பிரிவெல்லாம் ஞாபகம் வந்தது, அவ்வளவு மழையில் அந்தக் கார் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் பசுமலைப் பக்கம் போய் மறைந்ததையும் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது, இதை நான் அவளிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

ஊருக்குள் நுழையும்போது போலீஸ்காரர் பழகுகிறவர் பலகையைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர் லைசென்ஸைக் கேட்டிருக்கிறார், நல்லகாமன் மடியிலிருந்து நிலவரி ரசீதை எடுத்து நீட்டியிருக்கிறான். சின்னத்தாயின் சத்தம் கேட்டு அந்த மனிதர் வழி விட்டார், நம்பரையும் குறித்துக்கொண்டார், அவர் செய்தது சரிதான். ஆஸ்பத்திரியில் அறுத்துத்தான் எடுத்தார்கள், ஆண் குழந்தை, இரண்டு உயிரும் பிழைத்தன. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று அங்குள்ள டாக்டரம்மாள் சொன்னாளாம்.

பிறகு சம்மன் வந்தது. நான் எத்தனையோ வக்கீல்களுக்கு யோசனை சொன்னவன், வாய்தா வாங்கலாம், நான் பின்னால் படுத்திருந்தேன் என்று கூடச் சொல்லிப் பார்க்கலாம் என்று விஜயத்திடம் சொன்னேன், அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனையை வாபஸ் வாங்கிக்கொண்டேன். கோர்ட்டுக்குக் கப்பலூரே வந்துவிட்டது. நல்லகாமன் கூண்டில் ஏறி, எசமான், இவுக டாக்டருதான், நாங்க அம்புட்டுப் பேரும் சாட்சி என்று சத்தியம் செய்தான். உதவி செய்ய வந்தவன் ஆள்மாறாட்டக் குற்றத்தையும் அவள் தலையில் தூக்கி வைத்ததைப் பார்த்து நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். யார் உனக்குச் சொன்னது என்று மாஜிஸ்திரேட் கேட்டார். யாரு சொல்லணும், கார்லயே டானா போட்டிருக்குல்ல என்றான். மாஜிஸ்திரேட் நம் பக்கத்துக்காரர், கொஞ்ச நேரம் காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டிருந்தார், சபையில் மற்றவர்களுக்குக் காகிதம் இல்லாததால் வாய்விட்டே சிரித்தார்கள். விஜயம் சிரிக்கவில்லை. நான் டாக்டர் இல்லை, முழு லைசென்ஸும் இல்லை, பக்கத்தில் ஆள் வேண்டும் என்று தெரிந்துதான் அப்பாவை இறக்கிவிட்டேன், அன்றைக்கு வேறு வண்டி இல்லை, அபராதத்தைக் கட்டிவிடுகிறேன் என்றாள். இத்தனை வருஷக் கோர்ட்டில் இவ்வளவு சுருக்கமான வாக்குமூலத்தை நான் கேட்டதில்லை. மாஜிஸ்திரேட் சின்ன அபராதம் போட்டு, சீக்கிரம் பரீட்சைக்குப் போகச் சொன்னார். தலைமை ஆசிரியை அம்மாளும் அந்த மழை நாளைத் தாமதக் கணக்கில் சேர்க்கவில்லை. போன வாரம் பரீட்சை நடந்தது. இன்ஸ்பெக்டர் வைகைக்கரைச் சரிவில் மாட்டுவண்டிகளுக்கு நடுவே நிறுத்தி எடுக்கச் சொன்னார், எடுத்தாள், தேறிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பலகையையும் கழற்றினோம்.

அடுத்த நாள் முதல்முறையாகத் தனியாகப் போனாள். கப்பலூர் விலக்கில் பெண்கள் கூட்டமாக நின்று காரை மறித்தார்களாம். சின்னத்தாய் கைக்குழந்தையோடு முன்னால் வந்து, டானாவைப் புடுங்கிட்டாகளா தாயி, எங்களுக்கு ஒத்தாசை பண்ணப் போயி உங்க டாக்டரு வேலை போச்சே என்று அழுதிருக்கிறாள். விஜயம் இறங்கி நின்று, எனக்கு அந்த வேலை எப்போதும் கிடையாது, நான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள் என்று நிதானமாகச் சொல்லியிருக்கிறாள். அந்த வேலையப் புடுங்கலையே என்று சின்னத்தாய் கேட்டாளாம். இல்லை என்றதும் கூட்டத்திலிருந்து தன் மூத்த மகள் இருளாயியை இழுத்து முன்சீட்டில் உட்காரவைத்து, அப்பச் சரி, இவளக் கூட்டிட்டுப் போங்க, அந்த எழுத்து என்னன்னு இவளாவது சரியாப் படிக்கட்டும் என்றாளாம். அந்த ஊரிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் பெண் அது. இந்த வாரம் பின்சீட்டில் இன்னும் மூன்று பிள்ளைகள்.

ஆகவே சிவசங்கரா, உன் காரைப் பற்றி நீ தீர்ப்புச் சொல்லலாம். விற்கச் சொன்னால் சாயபுவை வரச்சொல்லி மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்துவிடுகிறேன். வேண்டாம் என்றால், இத்துடன் வைத்திருக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு, காரை விஜயத்தின் பேருக்கு மாற்றிவிடுகிறேன். மருமகளுக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசீர்வாதம், குழந்தையைக் கடல் காற்றில் தலை மூடாமல் தூக்கிப் போகாதே, அம்மாவின் மூட்டுவலிக்கு அங்கே நல்ல தைலம் கிடைத்தால் அனுப்பு. நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், விற்பதென்றால் நீ லீவு போட்டு ஒரு நாள் வர வேண்டும். காலையில் புத்தகப்பையோடு சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்த நாலு பிள்ளைகளிடம் இனிமேல் கார் வராது என்று நீயே சொல்ல வேண்டும், அதைச் சொல்ல எனக்கு முடியாது.

இப்படிக்கு
உன் நலம் நாடும் அப்பா
சொக்கநாதன்