எதிரில் உட்கார்ந்து மடித்த பொம்மைகள்

ஷோதோ தீவு,
24 பிப்ரவரி 1972,
வியாழக்கிழமை.

அன்புள்ள நோபுகோவுக்கு,

கிகுயோ எழுதுகிறேன். இங்கே உன் வீட்டுக்காரன் கெய்சோ, உன் மகள் சாயோ, நான் மூவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை விசாரிக்க இந்தத் தடவை எனக்கு வாய் கூசுகிறது. காரணத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனாலும் முதலில் வீட்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படுத்தபடியே அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாய்.

இந்த வாரம் முழுக்கக் காற்று. நேற்று மதியப் படகு கிளம்பவே இல்லை. துணி காய்வதாக இல்லை. கெய்சோ தினமும் சோயா ஆலையிலிருந்து ஊறிப்போன ஜாடி மாதிரி மணந்துகொண்டு வருகிறான். குளிக்காமல் சாப்பாட்டுக்கு உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். "நோபுகோ ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்ல அக்கா" என்றான். அவள் கொடுத்த இடம்தான் இது என்றேன்.

உப்பையும் சர்க்கரையையும் ஒரே மாதிரி டப்பாவில் வைத்துவிட்டு எந்தத் தைரியத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனாய்? முதல் நாள் நான் பிடித்துக் கொடுத்த சோற்று உருண்டை இனித்தது. சாயோ மறுபேச்சில்லாமல் தின்றாள். பிறகு அப்பனிடம் போய், "அத்தைக்கு சமைக்கத் தெரியாதுன்னு யாருக்கும் சொல்லாதீங்கப்பா, பாவம்" என்றாளாம். என் தம்பி வாயில் ரகசியம் தங்காது, உனக்கே தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டோம் என்று உங்கள் தலைமை நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் கெய்சோ கையில் சாயோ உனக்குக் காகிதத்தில் ஏதாவது மடித்துக் கொடுத்தனுப்புகிறாள். முதல் வாரம் டியூலிப் பூ. அடுத்த வாரம் மிட்டாய் போட்டு மூடுகிற பெட்டி. எல்லாம் அவள் வயதுப் பிள்ளைகள் பாலர் பள்ளியில் கண்ணை மூடிக்கொண்டு மடிப்பவை. மூன்றாம் வாரம், "அம்மா ரூம்ல ஆறு கட்டில் இருக்காம். அம்மாவுக்கு மட்டும் குடுத்தா மத்தவங்க பாத்துக்கிட்டு இருப்பாங்க இல்ல?" என்று கேட்டாள். ஆளுக்கொரு கிமோனோ பொம்மை, புத்தகத்தில் அடையாளம் வைத்துக்கொள்ளும்படி. அது அவள் யோசனை. சொல்லிக்கொடுத்தது நான்.

பிழைப்புக்கே கிமோனோ தைக்கிறவள் நான். காகிதத்தில் ஒன்று மடிக்கச் சொல்லித்தரக் கஷ்டமா? மேஜையின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். பக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்சி விளையாடும் பழக்கம் எனக்குக் கிடையாது. நான் பூப்போட்ட காகிதத்தில் கழுத்துப்பட்டியை மடித்தேன், அவளும் மடித்தாள். கடைசியில் என் வலது கைப் பக்கத்து மடிப்பைக் கொண்டுவந்து மேலே போட்டேன். அவளும் போட்டாள். கறுப்புக் காகிதத்தில் கொண்டை வைத்து ஒட்டினோம். அழகாகத்தான் இருந்தன. அவள் மடித்த ஆறையும், திருப்பிப் பார்க்காமலே, உறையில் போட்டு நானே மூடிக் கொடுத்தேன்.

எதிரில் உட்கார்ந்த குழந்தை, கண்ணாடியில் பார்ப்பதுபோல என்னைப் பார்த்து மடித்திருக்கிறாள். என் கை போன பக்கமே அவள் கையும் போயிருக்கிறது. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடுத்துகிறவளின் இடப்பக்கம் மேலே வந்தால் உயிரோடு இருப்பவள், வலப்பக்கம் மேலே வந்தால் சவப்பெட்டியில் போகிறவள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஆறு பேருக்கு, இந்தத் தையல்காரி வீட்டிலிருந்து ஆறு பிண உடுப்பு வந்து சேர்ந்தது.

ஞாயிறு சாயங்காலம் சாப்பிடும்போது கெய்சோதான் சொன்னான். அவன் சொன்ன அழகைக் கேள். "பொம்மையப் பாத்துட்டு எல்லாரும் நல்லா சிரிச்சாங்க அக்கா. அப்புறம் யாரும் சிரிக்கல." ஏன் என்று கேட்டேன். தெரியாதாம். ஜன்னலோரக் கட்டில் இவாசா அம்மா பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரும்மா இது, நம்ம ஆறு பேரையும் மொத்தமா வழியனுப்பி வெச்சிருக்கிறது?" என்று கேட்டாராம். அப்போதும் இவனுக்குப் புரியவில்லை. எப்படி இருந்தது, காட்டுடா என்றேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே, போட்டிருந்த பருத்தி அங்கியை வலப்பக்கம் மேலே வரும்படி இழுத்து மூடி, "இப்படி" என்றான்.

என் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகள் விழுந்துவிட்டன. "எடுடா கையை" என்று அவன் கைமேல் ஒன்று போட்டேன். சாயோ அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் அப்பா அப்படிப் போடக்கூடாது?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் புருஷன், "அது செத்தவங்களுக்குப் போடறதும்மா" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அவன் முகம் போன போக்கைப் பார்த்து, திட்ட வேண்டியதைத் திட்டாமல் விட்டேன்.

அவள் அழவில்லை. சோற்றை முடித்தாள், கிண்ணத்தைக் கொண்டுபோய் வைத்தாள். மறுநாள் வண்ணக் காகிதக் கட்டைக் காணோம். தேடியதில், செருப்பு அலமாரியில் மழைக்கால பூட்ஸுக்குள் சுருட்டித் திணித்திருந்தாள்.

நீ என்ன செய்தாய் என்பதையும் கெய்சோ சொன்னான். மற்ற ஐந்து பேரிடமிருந்தும் பொம்மைகளை வாங்கி, "புள்ள பண்ணது, எல்லாம் எங்கிட்டயே இருக்கட்டும்" என்று தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாயாம். அவன் கிளம்பும்போது எனக்கும் ஒரு செய்தி சொல்லி அனுப்பியிருக்கிறாய். ஆபரேஷன் எப்படிப் போனாலும் சாயோ அத்தையிடமே வளரட்டும், அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டாலும் பிள்ளையை அங்கே விட வேண்டாம், அக்கா பார்த்துக்கொள்வாள் என்று.

உனக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம் என்பது இந்தத் தீவுக்கே தெரியும். இந்த நாத்தனார் வேண்டுமென்றேதான் பிள்ளைக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தாள் என்று நீ நினைத்திருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். ஆள் அனுப்பித் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நீயோ என்னை நம்பி உன் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கிறாய். அந்தப் பொம்மையைப் பார்த்த கையோடு நீயே எல்லாவற்றையும் முடிவு செய்துகொண்டாய் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன். இதய வால்வு ஆபரேஷன் லேசானது இல்லை, ஆனால் உன் உடம்பு தாங்கும் என்றார். அவர் காகித பொம்மையைப் பார்த்துச் சொல்லவில்லை, எக்ஸ்ரே படத்தையும் பரிசோதனையையும் பார்த்துச் சொன்னார்.

நேற்று காற்றில் தையல் வேலையும் ஓடவில்லை. பூட்ஸிலிருந்து காகிதக் கட்டை எடுத்து நீவி, சாயோவைக் கூப்பிட்டேன். வழக்கம்போல மேஜைக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தோள் என் கைமேல் சாய்ந்துகொண்டது. அவள் விலகவும் இல்லை, நான் விலக்கவும் இல்லை. இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்து மடித்தோம். இந்தத் தடவை இடப்பக்கம் சரியாக மேலே வந்தது.

கழுத்துப்பட்டியை நகத்தால் அழுத்திக்கொண்டே கேட்டாள். "நான் பண்ணதாலயா அம்மா செத்துப்போகப் போறாங்க?"

இல்லடி, காகிதம் காகிதம்தான், தப்பாக மடித்தால் பிரித்து மடித்துக்கொள்ளலாம் என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானே எனக்கு சொல்லிக்குடுத்தீங்க? உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். வயது ஆறுதான், ஆனால் வாய் உன்னுடையது. அப்பா சொன்னாலும் நம்பமாட்டாளாம். டாக்டர் சொன்னால்? அவரை இவள் பார்த்ததே இல்லையாம். "அம்மா வந்து சொன்னா நம்புவேன்." அதோடு பேச்சை முடித்துக்கொண்டாள்.

அவள் புதிதாக மடித்தது அந்த ஒன்றுதான். அதை அனுப்ப மாட்டாளாம், நீ வந்தால் கையில் கொடுப்பாளாம். மற்ற ஐந்து பேருக்கும் நான் மடித்து இதோடு வைத்திருக்கிறேன். என் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக் கொடுத்துவிடு. இவாசா அம்மாவுக்கு ஊதா நிறம்.

கெய்சோ திங்கட்கிழமை வந்துவிடுவான். செவ்வாய்க்கிழமை நீ கண் விழிக்கும்வரை அங்கேயே இருப்பான். ஆலையில் லீவு சொல்லியாகிவிட்டது. குளிக்கவைத்துத்தான் அனுப்புவேன்.

நீ சொல்லி அனுப்பியதற்கு நான் ஒப்புக்கொண்டேன் என்று அவன் வந்து உன்னிடம் சொன்னால் நம்பாதே. அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பான். என் பதிலை எழுத்திலேயே வைத்துக்கொள். மாட்டேன்.

சோறு பொங்கிப் போடுவேன், பள்ளிக்கூடத்துக்குப் பை தைத்துக் கொடுப்பேன், காய்ச்சல் வந்தால் விழித்திருப்பேன். அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. சொல்லப்போனால், அவளை எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் நீ வராமல் போனால் இந்த வீட்டில் மிஞ்சப்போவது, தன் கையால் அம்மாவைக் கொன்றுவிட்டோம் என்று நினைக்கிற பிள்ளை. அவளுக்குப் பத்து வயதானாலும் இருபதானாலும் நான் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பேன், அவள் நம்பவே மாட்டாள். அந்தப் பிள்ளையை வளர்க்க எனக்குத் தெரியாது நோபுகோ. யாருக்கும் தெரியாது.

ஆகையால் செவ்வாய்க்கிழமை மயக்க மருந்து கொடுக்கும்போது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று நிம்மதியாகக் கண்ணை மூடாதே. ஆள் இல்லை. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதை நினைத்துக்கொண்டே உள்ளே போ, அதை நினைத்துக்கொண்டே கண்ணைத் திற.

நீ நூறு வயது இருக்க வேண்டும். அந்த நூறு வருஷமும் நான் உன் வீட்டுக்கு வந்து குறை சொல்வேன்.

இப்படிக்கு,
உன்னைக் கேட்காமலேயே உனக்கு அக்காவாகிப்போன
கிகுயோ